மடையாண்டார் வீட்டு மூத்தவர்

17

துரைராசுக்கு இடது தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போல இருந்தது. முந்தின நாள் மூன்று மா நிலத்துக்கு ஒற்றை ஆளாக வரப்பு அண்டை வெட்டியிருந்தார். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஊரில் சொன்னார். வீட்டில் இருந்தால் தம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயசில் விடிய ஆரம்பித்து இருட்டும்வரை மண்வெட்டி பிடித்த கை, காலையில் காபி டம்ளரைப் பிடிக்க மறுத்தது.

ஆனந்தவல்லி தைலம் தேய்த்துவிட்டாள். கை இங்கே இருந்தாலும் காது கூடத்தில் இருந்தது. அங்கே பாய் சுருட்டுகிற சத்தம் கேட்டதும், "தம்பி எழுந்துட்டாங்க போல" என்று எழுந்து போய்விட்டாள். தைலம் தோளில் பாதிதான் பரவியிருந்தது. மீதிப் பாதி அப்படியே வலித்தது.

தம்பி இளவழகனுக்கு அவள் காபி கொண்டுபோன டம்ளரையும் துரைராசு பார்த்தார். அப்பாவின் வெள்ளி டம்ளர். அப்பா போனதிலிருந்து பரண்மேல் துணியில் சுற்றிக் கிடந்தது. அதை எடுத்துத் தேய்த்து வைக்க அவளுக்கு எப்போது நேரம் கிடைத்தது என்று தெரியவில்லை. இவருக்குக் கொடுத்தது வழக்கமான எவர்சில்வர்.

நடந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆலமடை கோயிலில் வைகாசித் தேரன்று முதல் பரிவட்டம் மடையாண்டார் வீட்டு மூத்தவர் தலைக்குத்தான். யார் எப்போது கொடுத்த உரிமை என்பதற்குக் காகிதம் கிடையாது. நாற்பது வருஷம் அப்பா தலையில் கட்டினார்கள். போன ஐப்பசியில் அவர் கண்ணை மூடினார். அடுத்தது துரைராசு என்று ஊர் எண்ணியிருந்தது. துரைராசு அதை எண்ணக்கூட இல்லை, காலையில் சூரியன் வருவதை யார் எண்ணுகிறார்கள்?

அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து இளவழகன் வந்து இறங்கினான். கப்பல் கட்டும் தளத்தில் இருபத்திரண்டு வருஷ வேலை. கோயில் பிராகாரத்துக்குத் தளம் போட்டுக் கொடுத்தவன். கையில் மூன்று முழத்துக்கு ஒரு வம்சாவளிப் படம் கொண்டுவந்திருந்தான். அதன் உச்சியில் எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஆள் ஒருவர்: சோழர் படைத்தலைவர், தண்டநாயகன் மடையாண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது, கோயிலின் வடக்குப் பக்கச் சுவரடியில் இரண்டு வரி கல்வெட்டைப் போனில் படம் எடுத்துப் போயிருந்தான். அங்கே யார் யாரிடமோ காட்டி, எழுத்துக் கூட்டி, தண்டநாயகன் என்ற சொல்லையும் மடையாண்டான் என்ற பெயரையும் கண்டுபிடித்துவிட்டான்.

பஸ் நிறுத்தத்தில் இப்போது பிளெக்ஸ் தொங்குகிறது. 'சோழர் படைத்தலைவர் வழித்தோன்றல் இளவழகன் மடையாண்டார்.' பெரிய படம், கூலிங்கிளாஸ். அடியில் சின்ன எழுத்தில் 'மற்றும் குடும்பத்தார்'. அந்த 'மற்றும்'-க்குள்ளேதான் துரைராசு இருந்தார்.

பேரை மீட்டுக் கொடுத்தவனுக்கே பரிவட்டம் என்று ஊரில் பாதிப் பேர் பேசினார்கள். கமிட்டித் தலைவர் ரெத்தினம் ஒரு முடிவு சொன்னார். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரைக் கூட்டி வருவோம், எல்லாருக்கும் முன்னால் முழுசாகப் படிக்கட்டும், கல் யாரைச் சொல்கிறதோ அவரைத் தீர்மான நோட்டில் எழுதிவிடுவோம்.

இன்றைக்கு அந்த ஞாயிறு. தேருக்கு மூன்று நாள்.

கோயிலுக்குக் கிளம்பும்போது இளவழகன் வாடகைக் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அண்ணே, நீங்களும் ஏறிக்குங்க என்றான். துரைராசு டிவிஎஸ் பிப்டியை உதைத்தார். தோள் வலியில் மூன்றாவது உதைக்குத்தான் அது கிளம்பியது. திரும்பிப் பார்த்தபோது ஆனந்தவல்லி காரில் ஏறிக்கொண்டிருந்தாள். வெயில்ல எதுக்கு என்று அவளுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். வழி முழுக்க அந்தக் காரின் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் வண்டி ஓட்டினார். அதிலும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். மடையாண்டார். வாடகைக் காரில்.

அவர் வயிறு எரிந்தது ஸ்டிக்கருக்கு அல்ல. அப்பாவின் கடைசி ஆறு மாதம் அவர் கண்முன் இருந்தது. தூக்கி உட்கார வைத்தது, கழுவிவிட்டது, ராத்திரி புரட்டிப் போட்டது எல்லாம் இவர். அப்படிப் புரட்டும்போதும் அப்பா கேட்டது, "இளவழகன் போன் பண்ணானா?" ஒரு நாள் போன் வந்தது. நம்ம பேரு கல்லுல இருக்குப்பா என்று அவன் சொன்னான். நாலு மாசமாகச் சிரிக்காத மனிதர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத் துரைராசு எந்த அறுவடைக்கும் வாங்கினதில்லை.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. ஊரில் யாரும் அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

கோயிலில் ஐம்பது பேருக்குமேல் கூடியிருந்தார்கள். தஞ்சாவூர்க் கல்லூரியில் கல்வெட்டுப் பாடம் நடத்தும் தஹ்மீனா டீச்சர் முன்னாடியே வந்து சுவரடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். அய்யம்பேட்டைப் பக்கத்துக்காரர், நாற்பது வயசிருக்கும். ஒரு வாளித் தண்ணீர், தேங்காய் நார், பிளந்த மூங்கில் குச்சிகள். இரும்பு ஒன்றும் கிடையாது. இரும்பு பட்டால் எழுத்து போய்விடும் என்றார்.

கல்லில் மொத்தம் ஆறு வரி. மேலே இரண்டு வரி, வெள்ளையடிக்கும் உயரத்துக்கு மேல், சுண்ணாம்பு படாமல் தெரிந்தது. அதைத்தான் இளவழகன் படம் எடுத்திருந்தான். கீழே ஒரு வரி, கோமுகித் தண்ணீர் தெறித்துத் தெறித்துப் பாதி வெளியே வந்திருந்தது. நடுவில் மூன்று வரி சுண்ணாம்புக்கும் காவிக்கும் அடியில் விரல் கனத்துக்குப் புதைந்து கிடந்தது.

டீச்சர் குச்சியால் தட்டிப் பார்த்தார். "யாருங்க இதுக்குச் சுண்ணாம்பு அடிச்சது?"

 ஊருக்கே தெரியும். ரெத்தினம் தரையைப் பார்த்தார்.

"நாந்தான்," என்றார் துரைராசு. "முப்பது வருஷமா. வருஷத்துக்கு ரெண்டு தடவை."

அதுதான் அந்தச் சங்கதி. தேருக்கு முன்னாடியும் பொங்கலுக்கு முன்னாடியும் அந்தச் சுவரடிக்கு வெள்ளையும் காவியும் அடிப்பது மடையாண்டார் வீட்டு வேலை. அப்பா உத்தரவு. முப்பது வருஷம் அதே கல்லுக்கு முன்னால் குந்தி, வாளியும் நார்க்கட்டுமாக, தன் பாட்டன் பூட்டன் சொல் எழுதியிருந்த எழுத்துக் குழிகளில் தன் கையாலேயே சுண்ணாம்பை வைத்து அடைத்தவர் அவர். சொரசொரப்பு போகணும் என்று அழுத்தி அழுத்தி அடித்திருக்கிறார். லீவில் வந்த மூன்றாவது நாள் போனை நீட்டியவன் பேரைக் கண்டுபிடித்தான்.

இளவழகன் சிரித்துக்கொண்டே டீச்சரிடம் சொன்னான். "தெரியாமப் பண்ணிட்டாரு டீச்சர். அண்ணனுக்கு வயக்காட்டைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. வெள்ளந்தி."

சிலர் சிரித்தார்கள். ஆனந்தவல்லியின் உதட்டிலும் ஒரு சிரிப்பு வந்து போனது போல துரைராசுக்குப் பட்டது. நிஜமா, பிரமையா என்று சொல்ல முடியாது. பொறாமைப்படுகிறவன் கண்ணுக்குச் சாட்சி தேவையில்லை.

டீச்சர் சிரிக்கவில்லை. சிமெண்ட் பூசியிருந்தால்தான் போயிருக்கும், சுண்ணாம்பு ஊறினால் வந்துவிடும், ஒரு மணி நேரம் பொறுங்கள் என்றார். ஈரச் சாக்கை நடு வரிகள்மேல் ஒட்ட வைத்துவிட்டு, தெரிகிற வரிகளை முதலில் படித்தார்.

மேல் இரண்டு வரி இளவழகன் சொன்னபடியே இருந்தது. அரசனின் எட்டாவது ஆட்சியாண்டு. தண்டநாயகன் என்ற சொல் இருந்தது. அடுத்த வரியில் 'சாத்தன் மடையாண்டானேன்' என்று பேர் இருந்தது. 'மகாதேவர்க்கு நொந்தா விளக்கு ஒன்று' என்பதும் இருந்தது. நொந்தா விளக்கு என்றால் அணையாமல் எரிய வேண்டிய விளக்கு என்று டீச்சர் விளக்கினார்.

இளவழகன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். கூலிங்கிளாஸைக் கழற்றிச் சட்டையில் மாட்டினான். படைத்தலைவர் கோயிலுக்கு விளக்கு வைத்திருக்கிறார், அவர் பேரை எத்தனையோ தலைமுறையாக எல்லாரும் மறந்துவிட்டோம், நான்தான் தேடிப் பிடித்தேன் என்று ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தான். கைதட்டல் விழுந்தது. துரைராசு எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். 

டீச்சர் குனிந்து கடைசி வரியைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தார். உதடு அசைய ஒரு முறை தனக்குள் படித்துவிட்டு, அப்புறம் உரக்கப் படித்தார்.

"'யானும் என் வழியில் மூத்தாரும் இப்படிச் செய்வோமானோம் சந்திராதித்தவல்.'"

"அப்படின்னா?" என்றார் ரெத்தினம்.

"நானும், எனக்கப்புறம் என் வம்சத்துல மூத்தவங்களும், சந்திரன் சூரியன் இருக்கிற வரைக்கும் இப்படிச் செய்வோம்னு அர்த்தம்."

துரைராசுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். மூத்தார். கல்லே சொல்லிவிட்டது. படித்தவன், பறந்தவன், தளம் போட்டவன் என்று கல் சொல்லவில்லை. மூத்தவன் என்று சொல்லியிருக்கிறது. அம்மா வயிற்றில் முதலில் வந்ததைத் தவிர அவர் பெரிதாக எதையும் சாதித்ததில்லை. அது போதும் என்கிறது எண்ணூறு வருஷத்துக் கல்.

தம்பியின் முகத்தைப் பார்த்தார். அது சுருங்கிக்கொண்டிருந்தது. 

"நோட்டை எடுங்க ரெத்தினம்," என்றார். "எழுதிக்குவோம்."

இன்னும் மூன்று வரி பாக்கி இருக்கிறது ஐயா, ஊறட்டும், முழுசாகப் படித்துவிட்டு எழுதலாம் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். ரெத்தினமும் இழுத்தார். துரைராசு கேட்கவில்லை. ஊறுவதற்குள் தம்பி இன்னொரு பிரசங்கம் வைப்பான், மறுபடி பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்வார்கள். கல்லு சொன்னபடி எழுதலாம்னு சொன்னது நீங்கதானே, கல்லு சொல்லிருச்சே என்று பிடித்த பிடியாக நின்றார்.

ரெத்தினம் பேனாவைத் திறந்தார். வாசகத்தைத் துரைராசே சொன்னார். அவர் அப்படி நிமிர்ந்து நின்று அப்பாகூடப் பார்த்ததில்லை.

"மடையாண்டார் வழியில் மூத்தவர் குழந்தைவேலு மகன் துரைராசு. இந்தக் கல்லில் கண்ட எல்லாம், ஒண்ணு விடாம, அவர் ஒருத்தருக்கே சேரும். வேற யாருக்கும் இதுல பாத்தியதை கிடையாது. எழுதிட்டீங்களா? அந்த 'ஒருத்தருக்கே'வுக்கு அடியில ஒரு கோடு போடுங்க."

கோடு போட்டார்கள். துரைராசு கையெழுத்துப் போட்டார். தோள் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. சாட்சிக்குத் தம்பி போடட்டும் என்றார். அதுவும் வேண்டியிருந்தது அவருக்கு. இளவழகன் தன் சொந்தப் பேனாவை எடுத்து, மடையாண்டார் என்பதை விட்டுவிட்டு, வெறும் இளவழகன் என்று போட்டான்.

ஆனந்தவல்லி இப்போது கணவரைப் பார்த்தாள். முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள், அத்தனை பேருக்கு முன்னால். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அப்படிச் செய்தது. வீட்டுக்குப் போனதும் அந்த வெள்ளி டம்ளரை வாங்கிவிட வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

டீச்சர் சாக்கை எடுத்தார். சுண்ணாம்பு ஊறிப் பாலாடை மாதிரி உப்பியிருந்தது. மூங்கில் குச்சியால் நெம்ப நெம்பப் பொருக்குப் பொருக்காக வந்தது. ஒவ்வொரு பொருக்கிலும் வெள்ளை, காவி, வெள்ளை, காவி என்று துரைராசின் முப்பது வருஷம் அடுக்கடுக்காக இருந்தது. யாரும் கலையவில்லை. இளவழகன்கூட நின்றான்.

மூன்றாவது வரி வெளியே வந்தது. டீச்சர் படித்துவிட்டு ஒரு கணம் இளவழகனைப் பார்த்தார்.

தண்டநாயகன் வேறு ஆள், மடையாண்டான் வேறு ஆள் என்று மெதுவாகச் சொன்னார். விளக்கு வைத்தது அந்தப் படைத்தலைவன், வெளியூர்க்காரன். மடையாண்டான் இந்த ஊர் மன்றாடி. மன்றாடி என்றால் ஆடு மேய்க்கிறவர்.

 பஸ் நிறுத்தத்து பிளெக்ஸ் எல்லாருக்கும் நினைவு வந்திருக்கும். இளவழகன் சட்டையில் மாட்டிய கூலிங்கிளாஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். துரைராசு சிரித்தேவிட்டார். சாணி அள்ளின கைக்கு ஆடு மேய்த்த பாட்டன் பெரிய அவமானமில்லை. "மேச்சா என்னடா," என்றார் தம்பியிடம். "நல்ல தொழில்தானே. நம்ம பாட்டன் மேச்சாரு."

"அடுத்த ரெண்டு வரியையும் கேட்டுடுங்க ஐயா," என்றார் டீச்சர்.

அவர் படித்தார். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். 'இத்தண்டநாயகன் பக்கல் யான் கைக்கொண்ட சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு. இவ்வாடு கொண்டு நிசதம் உழக்கு நெய் அட்டக்கடவேனானேன்.'

ரெத்தினம் தமிழில் சொல்லச் சொன்னார். இது தமிழ்தான் என்றார் டீச்சர். அப்புறம் விளக்கினார். படைத்தலைவன் தொண்ணூற்றாறு ஆட்டை மடையாண்டான் கையில் கொடுத்திருக்கிறான். சும்மா இல்லை. அந்த ஆட்டை வைத்துப் பிழைத்துக்கொண்டு, தினமும் ஒரு உழக்கு நெய் கோயில் விளக்குக்கு ஊற்ற வேண்டும். சாவா மூவா என்றால் அந்த ஆடுகளுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. ஒன்று செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். ஆடு தீராது, அதனால் நெய்யும் தீராது.

"அப்ப முதல் பரிவட்டம் எதுக்குக் கட்டுனாங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

கல்லில் பரிவட்டம் பற்றி ஒன்றுமில்லை என்றார் டீச்சர். வருஷத்துக்கு ஒரு தடவை விளக்குக்காரருக்குக் கோயில் மரியாதை செய்திருக்கலாம், தெரியவில்லை, ஊகமாகத்தான் சொல்ல முடியும் என்றார்.

ரெத்தினம் தொண்டையைச் செருமினார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆரம்பித்தார். பரிவட்டம் நெய் ஊற்றினவர் தலைக்குக் கட்டினது என்றால், நெய் ஊற்றாதவர் தலைக்கு எப்படிக் கட்டுவது என்று நாளைக்கு எவனாவது கேட்பான். தேருக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. கமிட்டி கூடித்தான் சொல்ல முடியும்.

ஆனந்தவல்லி கணவர் காதோரம் குனிந்தாள். "ஏங்க, வீட்ல கறவை மாடே இல்லீங்களே."

அப்போது இளவழகன் முன்னால் வந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்தது போல ஒரு தெளிச்சி வந்திருந்தது.

"ரெத்தினண்ணே, நோட்டுல பாதியை எம்பேருக்கு எழுதுங்க. ஒரு நாள் அண்ணன், ஒரு நாள் நான். அங்கேருந்து நான் ஏற்பாடு பண்ணிடுறேன், ஒரு நாள் தப்பாது."

நல்ல மனசோடுதான் சொன்னானோ என்னவோ. ரெத்தினம் தலையாட்டினார். டீச்சரும் நல்ல யோசனை என்பது போலப் பார்த்தார். ஆனந்தவல்லிக்கு மூச்சு வந்தது.

துரைராசு தம்பியையே பார்த்தார். அந்த விளக்கு எரிவது அவருக்கு இப்போதே தெரிந்தது. அதற்குமேல் ஒரு பலகையும் தெரிந்தது, உபயம் இளவழகன் மடையாண்டார், சிங்கப்பூர். கோயில் டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு எழுதியிருக்குமே, அப்படி. அதற்குக் கீழே 'மற்றும் குடும்பத்தார்'. கடனைக்கூட அவன் அழகாகக் கொடுப்பான். ஊர் அதையும் அவன் பேரில் சொல்லும். அப்பா இருந்திருந்தால் அதற்கும் சிரித்திருப்பார்.

"வேண்டாம்," என்றார்.

"அண்ணே, தனியா உங்களால முடியாது."

"கல்லுல மூத்தவன்னு இருக்கு. நீ மூத்தவன் இல்ல."

"ஏங்க," என்று ஆனந்தவல்லி அவர் கையைப் பிடித்தாள். அவர் உருவிக்கொண்டார்.

ரெத்தினம் நோட்டை விரித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடித்து எழுதட்டுமா, அப்படியே இருக்கட்டுமா என்று கேட்டார்.

"இருக்கட்டும். ஒருத்தருக்கேன்னு கோடு போட்டிருக்கீங்கல்ல? அது அப்படியே இருக்கட்டும்."

டீச்சர் வாளித் தண்ணீரைக் கல்மேல் ஊற்றினார். ஆறு வரியும் கழுவினாற்போல் தெரிந்தன. ஒரு எழுத்து சிதையவில்லை. ஆலமடை மகாதேவருக்கு மடையாண்டார் வழி மூத்தவர் துரைராசு தர வேண்டியது, நாள் ஒன்றுக்கு ஒரு உழக்கு நெய், சந்திரன் சூரியன் உள்ளவரை. எந்தப் பாட்டன் காலத்தில் கொடுப்பதை நிறுத்தினார்கள் என்று கல்லில் இல்லை. இன்றைக்கு இன்னும் கொடுக்கவில்லை.